அமெரிக்காவில் ‘நம் ஆள்’ இருந்தால் போதுமா? புலம்பெயர்ந்தோர் இரு நாடுகளை நெருங்கச் செய்யும் விதம்

2020இலும் 2024இலும் அமெரிக்கத் தேர்தல் நடந்தபோது திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் கமலா ஹாரிஸுக்குப் பேனர் வைத்தார்கள். ஊரின் தர்ம சாஸ்தா கோவிலில் அவர் வெற்றிக்காகச் சிறப்புப் பூஜை நடந்தது. அவருடைய தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலனின் பூர்வீகம் அந்த ஊர். பேத்தி ஜெயிக்க வேண்டும் என்று ஊர் வேண்டிக்கொள்வது இயல்பான பாசம். அந்தப் பாசத்தையே வெளியுறவுக் கணக்காக எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல் வருகிறது. நம் ஆள் அங்கே மேலே வந்துவிட்டால் விசா தாராளமாகக் கிடைக்கும், வரி குறையும், இந்தியா கேட்டதெல்லாம் நடக்கும் என்று நன்றாகப் படித்தவர்களும் நம்புகிறார்கள்.

அமெரிக்காவில் இதே தவறு எதிர்த்திசையில் நடக்கிறது. இந்தியாவோடு நெருங்கிப் போக வேண்டும் என்று ஒரு அமெரிக்க இந்தியர் வாதாடினால், இவர் யாருக்காக வேலை செய்கிறார் என்ற சந்தேகம் அங்கே சிலருக்கு எழுகிறது. இந்த இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே நினைப்பு: ஒருவர் எங்கே பிறந்தார் என்பதே அவருடைய அரசியலைத் தீர்மானித்துவிடும். நடைமுறை அப்படி இல்லை. ஒருவருக்கு வாக்குரிமை எங்கே இருக்கிறது, எந்த விஷயத்தில் யார் முடிவெடுக்கிறார்கள், அவருடைய சொந்தத் தேவை என்ன என்பவையே இங்கே பெரும்பாலானவற்றைத் தீர்மானிக்கின்றன.

இந்தக் கட்டுரை முழுவதும் இந்தியா, அமெரிக்கா என்ற இரு நாடுகளையே எடுத்துக்கொள்கிறேன். புலம்பெயர் சமூகம் என்று சொல்லும்போது, ஒரு நாட்டிலிருந்து போய் இன்னொரு நாட்டில் நிலைத்துவிட்டவர்களையும் அங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளையும் குறிக்கிறேன். அவர்கள் தாங்கள் வாழும் நாட்டின் சட்டத்தையும் கொள்கையையும் ஒரு திசையில் நகர்த்த, வெளிப்படையாக, சட்டத்துக்கு உட்பட்டுச் செய்யும் வேலைக்கு ஆதரவு திரட்டல் என்று பெயர்.

தாம்பரத்தில் ஒரு ரயில் கோரிக்கை

தென்காசிப் பக்கமிருந்து வந்து தாம்பரத்தில் வீடு கட்டிக் குடியேறிய சில ஆயிரம் குடும்பங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டிக்கெட் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். ஊர்ச் சங்கம் கூடி, இன்னொரு ரயில் வேண்டும் என்று முடிவெடுக்கிறது. மனுவை யாரிடம் கொடுப்பார்கள்? தென்காசி எம்.பி.யிடமும் ஒரு பிரதி போகும். ஆனால் அவர்கள் சொல்லுக்கு எடை இருக்கும் இடம் தாம்பரம்தான். அவர்கள் பெயர் அந்த வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. அடுத்த தேர்தலில் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியவர் அந்தப் பகுதி எம்.பி.

இந்தச் சங்கத்திடம் எது இருக்கிறது, எது இல்லை என்று பாருங்கள். வாக்கு இருக்கிறது. இரண்டு முனையும் தெரிந்த அறிவு இருக்கிறது: எந்த நாளில் கூட்டம், எந்த ஊரில் நின்றால் ஆள் ஏறும் என்பது அதிகாரியைவிட அவர்களுக்குத் தெரியும். தண்டவாளம் போடும் சக்தி இல்லை. பெட்டி இல்லை என்று ரயில்வே சொல்லிவிட்டால், அந்தத் தடத்தில் வருமானம் வராது என்று கணக்குக் காட்டிவிட்டால், மனு அங்கேயே நின்றுவிடும். இன்னொன்றும் உண்டு: தென்காசி நகராட்சி சொல்லி அவர்கள் மனு கொடுக்கவில்லை. தங்கள் பயணத்துக்காகக் கேட்கிறார்கள். ரயில் வந்தால் தென்காசிக் கடைக்காரருக்கும் வியாபாரம் நடக்கும் என்பது அதோடு சேர்ந்து வரும் பலன்.

இனி அமெரிக்காவுக்குப் போகலாம்.

தொகுதி எது என்பதே முதல் கேள்வி

அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் காங்கிரஸ் என்று பெயர். இங்குள்ள கட்சியோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க நாடாளுமன்றம் என்றே எழுதுகிறேன். அதற்கு இரண்டு அவைகள். பிரதிநிதிகள் சபையில் 435 பேர்; ஒவ்வொருவரும் ஏறக்குறைய 7.6 லட்சம் மக்களுக்குப் பிரதிநிதி; இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தலைச் சந்திக்க வேண்டும். செனட்டில் 100 பேர். ஆறு ஆண்டுப் பதவி.

ஒரு பிரதிநிதியின் அலுவலகத்தில் நிரந்தர ஊழியர்கள் 18 பேருக்கு மேல் இருக்க முடியாது. வாஷிங்டனிலும் தொகுதியிலும் இருப்பவர்களைச் சேர்த்தே இந்தக் கணக்கு. அதனால் பல அலுவலகங்களில் வெளியுறவைக் கவனிக்கும் இளம் உதவியாளரே இன்னும் சில துறைகளையும் சேர்த்துப் பார்ப்பார். அந்த அலுவலகத்துக்கு ஒருவர் தொலைபேசியில் அழைத்து, இந்தியா சம்பந்தப்பட்ட ஒரு மசோதாவை ஆதரிக்கச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுத்தவர் கேட்கும் முதல் விவரங்களில் ஒன்று முகவரியின் அஞ்சல் குறியீட்டு எண். அந்த எண் தொகுதிக்குள் இருந்தால், ஆதரவா எதிர்ப்பா என்று பதிவாகும். தொகுதிக்கு வெளியே என்றால், மரியாதையாகக் கேட்டுக்கொண்டு உங்கள் பிரதிநிதியை அழையுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். அழைப்பவர் எவ்வளவு பெரிய கம்பெனியின் தலைவராக இருந்தாலும் கோடீஸ்வரராக இருந்தாலும், அந்தத் தொலைபேசி வரிசையில் தொகுதி வாக்காளர் என்ற தகுதிக்குத்தான் முதல் மதிப்பு.

இந்தியர்கள் அமெரிக்க மக்கள்தொகையில் ஒன்றரை சதவீதம் அளவுதான். சுமார் 50 லட்சம் பேர். நாடு முழுவதும் சமமாகப் பரவியிருந்தால் எந்த இடத்திலும் இது கண்ணில் படாது. ஆனால் சில இடங்களில் நெருக்கமாகக் குடியிருக்கிறார்கள். நியூஜெர்சியின் எடிசன், ஐஸ்லின் பகுதியில் ஓக் ட்ரீ ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. நகைக்கடை, புடவைக்கடை, தோசைக்கடை, மளிகைக்கடை என்று வரிசையாக இந்தியக் கடைகள். எடிசன் அடங்கிய தொகுதியின் நீண்டகாலப் பிரதிநிதி ஃபிராங்க் பலோன். 1993இல் புளோரிடாவின் பில் மெக்கல்லமுடன் சேர்ந்து அவர் பிரதிநிதிகள் சபையில் இந்தியா ஆதரவுக் குழுவைத் தொடங்கினார். ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி. இத்தாலிய வம்சாவளிக்காரரான பலோனுக்கு இந்தியாவோடு இரத்த உறவு எதுவும் கிடையாது. ஆனால் அவர் தொகுதியில் ஓக் ட்ரீ ரோடு இருக்கிறது.

இந்த ஆதரவுக் குழு என்பது, ஒரு விஷயத்தில் அக்கறை உள்ள உறுப்பினர்கள் தாங்களாகச் சேர்ந்து அமைத்துக்கொள்ளும் அணி. அதற்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லை. ஆனால் 1990களில் இந்தியானாவின் டான் பர்ட்டன் இந்தியாவுக்கான உதவியைக் குறைக்கத் திரும்பத் திரும்பத் திருத்தங்கள் கொண்டுவந்தபோது, எதிர்த்துப் பேசவும் வாக்குச் சேர்க்கவும் ஆயத்தமாக ஒரு பட்டியல் கையில் இருந்தது. 1997இல் பர்ட்டனின் திருத்தம் பெரும் வித்தியாசத்தில் தோற்றது. செனட்டில் இதே போன்ற குழு 2004இல் உருவானது. அதைத் தொடங்கிய இருவர் ஜான் கார்னின், ஹிலாரி கிளின்டன்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: வெளிநாட்டு விவகாரம் ஒன்றை ஒரு பிரதிநிதியின் சொந்தத் தொகுதி விவகாரமாக மாற்றிக் காட்டுவதுதான் புலம்பெயர் சமூகம் செய்யும் வேலையின் மையம். அதைச் செய்யத் தேவைப்படுவது குடியுரிமையும் வாக்கும்.

வாக்கே இல்லாத காலத்தில் தொடங்கியவர்கள்

அந்தக் குடியுரிமையே ஒரு காலத்தில் இந்தியர்களுக்குக் கிடையாது. 1923இல் பகத் சிங் திண்ட் என்பவரின் வழக்கில், இந்தியர்கள் சட்டம் குறிப்பிடும் ‘வெள்ளையர்’ ஆகமாட்டார்கள், ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த பலரிடமிருந்து அது பறிக்கவும்பட்டது.

1940களில் அமெரிக்காவில் இருந்த இந்தியர்கள் சில ஆயிரம் பேர்தான். அவர்களில் ஒருவர் ஜே.ஜே. சிங் என்ற துணி வியாபாரி. நியூயார்க்கில் இறக்குமதித் தொழில் செய்தவர். இந்தியா லீக் என்ற அமைப்பின் தலைவர். அவருக்கு வாக்கில்லை, பின்னால் நிற்கத் தொகுதியும் இல்லை. பேச்சும் பழக்கமும் விடாப்பிடியும் மட்டுமே கைவசம். கட்சி வேறுபாடு பார்க்காமல் உறுப்பினர்களைச் சந்தித்தார். குடியரசுக் கட்சியின் கிளேர் பூத் லூஸும் ஜனநாயகக் கட்சியின் இமானுவல் செல்லரும் மசோதாவை எடுத்துச் சென்றார்கள். 1946 ஜூலை 2 அன்று அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டார். இந்தியர்கள் குடியுரிமை பெறலாம்; ஆண்டுக்கு 100 பேர் புதிதாகக் குடியேறலாம்.

நூறு பேர் என்பது சிறிய எண்தான். ஆனால் அந்தச் சட்டத்தின் மற்றப் பாதியைப் பாருங்கள். பஞ்சாபிலிருந்து படிக்க வந்து, பெர்க்லியில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியும் கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் செய்துகொண்டிருந்த தலீப் சிங் சாவுந்த் 1949இல் குடியுரிமை பெற்றார். 1956இல் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆசியாவிலிருந்து வந்த ஒருவர் வாக்களிக்கும் உறுப்பினராக அமெரிக்க நாடாளுமன்றத்தில் நுழைந்தது அதுவே முதல்முறை. சட்டம் வந்து பத்து ஆண்டுகளில் வாக்குரிமையற்ற ஒரு சமூகத்திலிருந்து ஓர் உறுப்பினர் வந்துவிட்டார். இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்க்கும் கட்டம் இதுதான். பின்னாளில் வந்த வசதியான தலைமுறைகள் இதை அதிகம் நினைத்துப் பார்ப்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

1965இல் குடியேற்றச் சட்டம் திருத்தப்பட்டபின் மருத்துவர்களும் பொறியாளர்களும் பெருமளவில் போனார்கள். அவர்கள் அமைப்பாகத் திரண்டது முதலில் இந்தியாவுக்காக அல்ல. வெளிநாட்டில் படித்த மருத்துவர் என்பதற்காக உரிமம் வாங்குவதிலும் மேற்பயிற்சியிலும் பாகுபாடு இருந்தது. அதை எதிர்க்க 1982இல் இந்திய வம்சாவளி மருத்துவர்கள் சங்கம் அமைத்தார்கள். மோட்டல் நடத்திய குஜராத்திகளுக்கு வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் முகம் கொடுக்கவில்லை. அவர்கள் 1989இல் ஆசிய அமெரிக்க விடுதி உரிமையாளர்கள் சங்கம் தொடங்கினார்கள். ஊருக்கு ஊர் கிளை, தொகுதிக்குத் தொகுதி உறுப்பினர் பட்டியல், பிரதிநிதியோடு பழக்கம் எல்லாம் இப்படிச் சொந்தக் குறைகளைத் தீர்க்கப் போராடியபோது உருவானவை. இந்தியா பற்றிய கேள்வி வந்த நாளில் அந்தப் பட்டியல்கள் உதவின.

ஓர் ஒப்பந்தம் எப்படிக் கரையேறியது: 2005 முதல் 2008 வரை

இந்த வேலையின் வலிமையும் வரம்பும் ஒருசேரத் தெரியும் நிகழ்வு இந்திய அமெரிக்க அணுசக்தி ஒப்பந்தம். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

1974இல் இந்தியா பொக்ரானில் முதல் அணு வெடிப்புச் சோதனை நடத்தியது. அமெரிக்கா தன் சட்டத்தை இறுக்கியது. அமெரிக்க நிறுவனம் கட்டித்தந்த தாராப்பூர் அணுமின் நிலையத்துக்கு எரிபொருள் கிடைப்பது சிக்கலானது. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆகவே இந்தியாவுடன் அணு வணிகம் கிட்டத்தட்ட மூடிய கதவாக இருந்தது. 1998 சோதனைக்குப் பின் பொருளாதாரத் தடைகளும் சேர்ந்தன.

2005 ஜூலை 18 அன்று வாஷிங்டனில் அதிபர் புஷ்ஷும் பிரதமர் மன்மோகன் சிங்கும் கூட்டறிக்கை வெளியிட்டார்கள். இந்தியா தன் சிவில், அதாவது ராணுவம் சாராத, அணு உலைகளைப் பிரித்துச் சர்வதேசக் கண்காணிப்புக்குக் கொடுக்கும். அமெரிக்கா அணு வணிகத்துக்கு வழி திறக்கும். 2006 மார்ச்சில் வந்த பிரிப்புத் திட்டத்தில் 22 உலைகளில் 14 சிவில் பட்டியலில் போயின. நம் கல்பாக்கத்தின் வேக ஈனுலை அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றது. வாஷிங்டனில் ஒப்பந்தத்தை எதிர்த்தவர்களுக்கு அது ஒரு பெரிய ஆட்சேபம்.

இரு தலைவர்கள் கைகுலுக்கியதோடு வேலை முடியவில்லை. 1954ஆம் ஆண்டின் அமெரிக்க அணுசக்திச் சட்டம் இந்தியா போன்ற நாட்டுடன் ஒத்துழைக்கத் தடையாக இருந்தது. விலக்குத் தர நாடாளுமன்றத்தால்தான் முடியும். புலம்பெயர் சமூகத்துக்கு வேலை பிறந்தது இந்த இடத்தில்தான். அணு ஆயுதப் பரவலைப் பற்றி ஆழமான கருத்துள்ளவர்கள், எட் மார்க்கியைப் போன்ற கடும் எதிர்ப்பாளர்கள், உறுப்பினர்களில் சிலர்தான். பெரும்பான்மையோருக்கு இது தொகுதியில் யாரும் கேட்காத தொலைதூர விஷயம். கேட்காத விஷயத்தில் ஒருவர் எப்படியும் வாக்களிக்கலாம். கேட்க ஆளிருக்கிறது என்று காட்டினார்கள் அமெரிக்க இந்தியர்கள். தொகுதி மருத்துவர், விடுதி உரிமையாளர், பொறியாளர் என்று நேரில் போனார்கள், தொலைபேசியில் அழைத்தார்கள், தேர்தல் நிதி திரட்டும் விருந்துகளில் இதையே பேசினார்கள். வட கரோலினாவின் ஸ்வதேஷ் சாட்டர்ஜி போன்றவர்கள் இதற்காகவே தனி அமைப்பு தொடங்கினார்கள்.

2006 ஜூலையில் பிரதிநிதிகள் சபை 359க்கு 68 என்று நிறைவேற்றியது. நவம்பரில் செனட் 85க்கு 12. மசோதாவை முன்னெடுத்த ஹென்றி ஹைடின் பெயரால் அது ஹைட் சட்டம் ஆனது. பிறகு 2008 ஆகஸ்டில் சர்வதேச அணுசக்தி முகமையின் ஒப்புதல், செப்டம்பரில் அணுப்பொருள் வழங்கும் நாடுகள் குழுவின் விலக்கு, அதன் பின் அமெரிக்க நாடாளுமன்றத்தில் இறுதி வாக்கெடுப்பு: சபையில் 298க்கு 117, செனட்டில் 86க்கு 13. அக்டோபர் 10 அன்று பிரணாப் முகர்ஜியும் கண்டலீசா ரைஸும் கையெழுத்திட்டார்கள்.

இந்த எண்களைக் காட்டி, பார்த்தீர்களா நம்மவர்கள் சாதித்துவிட்டார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. சீனா வளர்ந்துவரும் ஆசியாவில் இந்தியாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று புஷ் அரசு முடிவெடுத்திருந்தது. அணு உலை விற்கவும் வேறு வியாபாரம் பிடிக்கவும் அமெரிக்க நிறுவனங்கள் விரும்பின. அமெரிக்க இந்திய வர்த்தகக் கவுன்சில் தலைமையில் அவை தனியாக வேலை செய்தன. இந்திய அரசும் தனக்கு ஆதரவு தேடித்தரக் காசு கொடுத்து வாஷிங்டன் நிறுவனங்களை அமர்த்தியிருந்தது. ஏற்கெனவே ஒரே திசையில் இழுத்துக்கொண்டிருந்த இந்தச் சக்திகளோடு புலம்பெயர்ந்தோரின் கையும் சேர்ந்தது. அந்தக் கை இல்லாவிட்டால் தயங்கிய உறுப்பினர்கள் பலர் நகர்ந்திருக்க மாட்டார்கள் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அதே கை மட்டும் தனியாக இழுத்திருந்தால் தேர் அசைந்திருக்காது.

இந்தியப் பக்கத்தில் என்ன நடந்தது என்பதும் முக்கியம். 2008 ஜூலையில் இடதுசாரிகள் ஆதரவை விலக்கினார்கள். மன்மோகன் சிங் அரசு 275க்கு 256 என்று நம்பிக்கை வாக்கெடுப்பில் தப்பியது. அந்த வாரத்தில் நியூஜெர்சி மருத்துவரால் எதுவும் செய்திருக்க முடியாது. மக்களவையில் அவர் அழைத்துப் பேசத் தனக்கென்று ஓர் உறுப்பினர் இல்லை.

ஒப்பந்தம் திறந்த கதவு வழியே யார் நுழைந்தார்கள்? இந்தியாவுக்கு வெளிநாட்டு யுரேனியம் வரத் தொடங்கியது. ரஷ்யா, கஜகஸ்தான், பின்னர் கனடா என்று பலர் விற்றார்கள். ஒப்பந்தத்துக்குப் பின் அமெரிக்க உலை ஒன்றுகூட இதுவரை இந்தியாவில் கட்டப்படவில்லை. போபால் விஷவாயுவின் நினைவு அழியாத இந்திய நாடாளுமன்றம், 2010இல் இயற்றிய அணு விபத்து இழப்பீட்டுச் சட்டத்தில், உலை விற்ற நிறுவனத்தையும் பொறுப்பாக்க வழி வைத்தது. அமெரிக்க நிறுவனங்கள் பின்வாங்கின. ஆந்திராவின் கொவ்வாடாவில் ஆறு உலைகள் கட்டுவதாக இருந்த வெஸ்டிங்ஹவுஸ் 2017இல் திவால் நடவடிக்கைக்குப் போனது. 2025 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் புதிய அணுசக்திச் சட்டம் கொண்டுவந்து பழைய ஏற்பாட்டை மாற்றியது. கொள்கையில் ஒரு வாக்கெடுப்பு வென்றால் அடுத்த நாளே வியாபாரம் நடக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்தப் பதினேழு ஆண்டுகளை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சுருக்கமாக: முடிவு நாடாளுமன்ற வாக்கெடுப்பில் இருந்தது, பெரும்பாலான உறுப்பினர்களுக்கு வலுவான கருத்து இல்லை, அரசும் வணிகமும் அதே பக்கம் இருந்தன. இந்த மூன்றும் பொருந்தியதால் புலம்பெயர்ந்தோர் முயற்சி பலித்தது.

யார் முகவர், யார் குடிமகன்

மேலே, இந்திய அரசு காசு கொடுத்து அமர்த்திய நிறுவனங்களைச் சொன்னேன். அவற்றையும் புலம்பெயர் சங்கங்களையும் ஒரே மூட்டையில் கட்டுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய குழப்பம்.

வெளிநாட்டு அரசின் சொல்லுக்கோ கட்டுப்பாட்டுக்கோ உட்பட்டு அமெரிக்காவில் அரசியல் வேலை செய்பவர், 1938இல் வந்த வெளிநாட்டு முகவர் பதிவுச் சட்டத்தின்படி நீதித்துறையில் பதிவு செய்ய வேண்டும். யாருக்காக வேலை, எவ்வளவு கட்டணம், யாரைச் சந்தித்தார் என்பவை பொதுப் பதிவு. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு சங்கமோ கம்பெனியோ சம்பளத்துக்கு ஆள் வைத்து உறுப்பினர்களைச் சந்திக்கச் செய்தால், அது லாபி. அதற்கு 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வேறு பதிவு. இரண்டுமில்லாமல், தன் கருத்தைத் தன் பிரதிநிதியிடம் சொல்லும் குடிமகனுக்கு எந்தப் பதிவும் வேண்டியதில்லை. அது அவருடைய உரிமை.

பணத்திலும் இதே கோடு உண்டு. வெளிநாட்டவர் அமெரிக்கத் தேர்தலுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. கிரீன் கார்டு, அதாவது நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை, உள்ளவர் கொடுக்கலாம், ஆனால் வாக்களிக்க முடியாது. பலர் சேர்ந்து பணம் போட்டு வேட்பாளர்களுக்குத் தரும் அமைப்பை அரசியல் நிதிக்குழு என்பார்கள். 2002இல் அமெரிக்க இந்தியர்கள் அப்படியொன்றைத் தொடங்கினார்கள். நன்கு நிறுவப்பட்ட நிதிக்குழுவும் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் நேரடியாக 5,000 டாலருக்கு மேல் தர முடியாது. விருந்துக்குப் பணம் கொடுத்தவருக்கு உறுப்பினரிடம் பேசப் பத்து நிமிடம் கிடைக்கும் என்பது உண்மை. அந்தப் பத்து நிமிடத்தில் சொல்வதற்குத் தொகுதியோடு தொடர்புள்ள காரணம் இல்லாவிட்டால், அடுத்தவர் உள்ளே வந்துவிடுவார்.

வணிகத்தில் நடப்பது வேறு வழி

கொள்கை ஒரு பக்கம். பொருளாதார உறவில் புலம்பெயர்ந்தோரின் பங்கு பெரும்பாலும் நம்பிக்கை என்ற ஒற்றைச் சரக்கைக் கைமாற்றுவதில் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க நிறுவனத்துக்குச் சென்னையில் மென்பொருள் எழுதிக்கொடுப்பார்கள் என்று யார் உறுதி சொல்வது? அங்கேயே பத்துப் பதினைந்து ஆண்டுகள் வேலை பார்த்து நற்பெயர் எடுத்த இந்தியப் பொறியாளர் சொன்னால் எடுபட்டது. 1992இல் சிலிக்கான் பள்ளத்தாக்கில் இந்தியத் தொழில்முனைவோர் சேர்ந்து டை என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். முதலீடும் அறிமுகமும் அதன் வழியே ஓடின. 1994இல் ஒரு அமெரிக்க நிறுவனத்தின் உள்பிரிவாகச் சென்னையில் தொடங்கிய காக்னிசண்ட், நியூஜெர்சியில் தலைமையகமும் இங்கே பெரும் பணியாளர் படையும் கொண்ட நிறுவனமாக வளர்ந்தது.

நேரடிப் பண உதவிக்கும் ஒரு எடுத்துக்காட்டு. 1998 தடைகள் வந்தபோது பாரத ஸ்டேட் வங்கி, வெளிநாடுவாழ் இந்தியர்களுக்காக ரிசர்ஜென்ட் இந்தியா பத்திரங்கள் வெளியிட்டது. 400 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. தாய்நாட்டுப் பற்றும் இருந்தது. நல்ல வட்டியும் இருந்தது. இரண்டையும் சேர்த்தே அந்தத் தொகையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இரு நாடுகளுக்கும் இடையிலான சரக்கு, சேவை வர்த்தகம் 2000இல் சுமார் 2,000 கோடி டாலர். 2024இல் 20,000 கோடி டாலரைத் தாண்டியது. இதில் எவ்வளவு புலம்பெயர்ந்தோரால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முனைபவரை நான் நம்பமாட்டேன்.

எங்கே பலிக்காது

பிரமிளா ஜெயபால் சென்னையில் பிறந்தவர். பிரதிநிதிகள் சபை உறுப்பினர். 2019 டிசம்பரில், காஷ்மீரில் தகவல்தொடர்புத் தடைகளை நீக்குமாறு இந்தியாவை வலியுறுத்தும் தீர்மானத்தை அவர்தான் கொண்டுவந்தார். அவர் கலந்துகொள்வதால், வாஷிங்டன் சென்றிருந்த வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் நாடாளுமன்றக் குழுவுடனான சந்திப்பைத் தவிர்த்தார். ஜெயபாலுக்கு வாக்களித்தவர்கள் சியாட்டில் மக்கள். சென்னையில் பிறந்தது அவர் வாழ்க்கை வரலாற்றில் ஒரு வரி. அவர் பதில் சொல்ல வேண்டியது சியாட்டிலுக்கு. ‘நம் ஆள்’ என்ற எதிர்பார்ப்பு உடையும் இடம் இது. அவர் நிலைப்பாட்டை ஏற்பதும் எதிர்ப்பதும் வேறு விஷயம். அவர் தன் வேலையைச் செய்தார்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியது. திருப்பூர்ப் பின்னலாடையும் தூத்துக்குடி இறாலும் அடிவாங்கின. செப்டம்பரில் புதிய எச்-1பி வேலை விசா விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. அந்த மாதம் டெல்லி வந்த அமெரிக்க உறுப்பினர்களைச் சந்தித்த இந்திய நாடாளுமன்ற வெளியுறவுக் குழுத் தலைவர் சசி தரூர், இந்தியாவுக்காகப் பேசச் சொல்லி ஒரு அமெரிக்க இந்திய வாக்காளர்கூடத் தன் அலுவலகத்தை அழைக்கவில்லை என்று அவர்களில் ஒருவர் சொன்னதாகத் தெரிவித்தார். இங்கே பலருக்குக் கோபம் வந்தது. ஐம்பது லட்சம் பேர் இருந்தும் ஒரு அழைப்பு இல்லையா?

கோபம் புரிகிறது. ஆனால் இயங்குமுறையைப் பார்த்தால் அந்த மௌனத்துக்குக் காரணங்கள் தெரியும். அந்த வரி நாடாளுமன்றம் வாக்களித்து வந்ததல்ல. அதிபர் ஆணையால் வந்தது. தொகுதிப் பிரதிநிதியை அழைத்து அதை மாற்றும் வழி குறுகலானது. குடியேறியவர்கள் மீது சந்தேகம் கூடியிருந்த காலத்தில், வேறு நாட்டுக்காகப் பேசுகிறார்கள் என்ற பழிக்குப் பலர் அஞ்சியிருக்கலாம். எச்-1பி கட்டணத்தில் இன்னொரு முடிச்சு: பாதிக்கப்படுபவர்களுக்கு அமெரிக்காவில் வாக்கில்லை, வாக்குள்ளவர்களில் பெரும்பாலோர் அந்த விசாவைக் கடந்து வந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. பத்து அழைப்புகளாவது போயிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. பத்து அழைப்புகள் வரியைக் குறைத்திருக்காது என்பதும் என் கருத்துதான்.

சொந்தத் தேவையில் முழுமூச்சாக இறங்கியும் கைகூடாத ஒன்று கிரீன் கார்டு வரிசை. வேலைவாய்ப்பு அடிப்படையிலான கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டவரும் ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் பெற முடியாது என்பது பொது விதி. விண்ணப்பிக்கும் இந்தியர்கள் மிக அதிகம் என்பதால் காத்திருப்பு பத்தாண்டுகளைத் தாண்டி நீள்கிறது. அந்த உச்சவரம்பை நீக்கும் மசோதாவுக்காக, வரிசையில் நிற்பவர்களே அமைப்பாகி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபை 365க்கு 65 என்று நிறைவேற்றியது. 2020 டிசம்பரில் செனட்டும் நிறைவேற்றியது, ஆனால் மாற்றப்பட்ட வடிவத்தில். இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்குவதற்குள் 2021 ஜனவரியில் அந்த நாடாளுமன்றத்தின் காலம் முடிந்து மசோதா காலாவதியானது. அதே ஆண்டு ஈகிள் என்ற பெயரில் புதிய மசோதா அறிமுகமானது. 2022 டிசம்பரில் வாக்கெடுப்புப் பட்டியல்வரை வந்து, வாக்கெடுப்பு நடக்காமலே திரும்பிவிட்டது.